சூசை, உன் பெயர் புத்தகத்தில் இருக்கிறது

என் அன்புத் தோஸ்து சூசைக்கு,

கன்னியப்பன் எழுதுகிறேன். ஆமாம், நானேதான். மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு வரி எழுத ஒரு பீடி நேரம் ஆகிறது. ஆகட்டுமே, உனக்கும் எனக்கும் இப்போது என்ன அவசரம்?

திருவொற்றியூர் கம்பெனி வாசலில் நாம் ஒரு தாளில் வட்டமாகக் கைநாட்டு வைத்தோமே, நினைவிருக்கிறதா? முதலில் வைத்தவன் யாரென்று மேனேஜருக்குத் தெரியக் கூடாதென்று எப்போதும் அப்படித்தானே வைப்போம். வேலை நிரந்தரம் கேட்டு வழக்குப் போட அதே தாளோடு போனோம். வக்கீல் குமாஸ்தா சிரித்தார்.

"இன்னாபா, கோலம் போட்டு எட்துகினு வந்துகிறீங்க? கோர்ட்டுக்கு மொத பேருன்னு ஒண்ணு வோணும்."

எல்லோரும் தரையைப் பார்த்தோம். நான்தான் உன் முதுகில் கை வைத்துத் தள்ளினேன். "உனக்குத்தான் கையெயுத்து போடத் தெரியும். நீ போடு மாமு."

அடுத்த நாளே உன்னை மட்டும் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார்கள். தீர்ப்பு வருவதற்குள் நீ போய்விட்டாய். நாங்கள் ஜெயித்து நிரந்தரமானோம். என்னை அண்ணா என்று கூப்பிட்டுவந்த உன் பெண்சாதி பிலோமினா அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

போன வாரம் ராயபுரத்தில் அதே குமாஸ்தா என் கையில் ஒரு சீட்டு கொடுத்தார். எழுத்துக் கூட்டிப் படித்தேன். உன் பெயர், ‘மற்றும் பிறர்’, ‘எதிர்’, கம்பெனி நிர்வாகம். பிறகு எண்கள். பயந்துவிட்டேன்.

"செத்தவன் மேல இன்னொரு கேஸா சார்?"

"அட, இது கேஸ் நம்பர் இல்லபா, அட்ரஸ். ஹவுசிங் போர்டு வூட்டுக்கு பிளாக்கு, மாடி, கதவு நம்பருன்னு கீதில்ல? அது மாறி. மொதல்ல வருசம். அப்பால எத்தினியாவது தொகுதி. அப்பால தீர்ப்பு புக்கோட பேரு, சுருக்கமா. கடசில பக்கம். நெரந்தரம் கேக்குற அத்திப்பட்டு காண்ட்ராக்ட் ஆளுங்க கேஸ்ல உங்க தீர்ப்பத்தான் ஜட்ஜுக்கு காட்டிகீறோம்."

அவரோடு வக்கீல் அறைக்குப் போனேன். நானே தேடுகிறேன் என்றேன். புத்தகம் இங்கிலீஷ்தான், ஆனால் எண்கள் எனக்குத் தெரியுமே. வருடத்தைப் பார்த்தேன். தொகுதியை உருவினேன். பக்கத்தைப் புரட்டினேன். குமாஸ்தா ஒரு வரியில் விரல் வைத்தார். அங்கே நீ இருந்தாய், கொட்டை எழுத்தில்.

ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். பிலோமினா கதவைச் சாத்தவில்லை. அத்திப்பட்டு விஷயத்தைச் சொன்னேன். உன் பெயரைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு கேட்டாள்:

"உம் பேரு எங்க கீதுண்ணா?"

"‘மற்றும் பிறர்’னு போட்டுகீது பாரு. அதுல நான் கீறேன்."

"இப்பவும் அவரு முதுகு பின்னாலதான் ஒளிஞ்சிகினு கீற!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள், சூசை. டீ போடட்டுமா என்றாள். அவள் சிரித்ததை நீ பார்த்தாயா?

எங்கள் வியாசர்பாடி பிளாக்கில் இரண்டு கோடையாகக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வழக்குப் போடப் போகிறோம். மறுபடியும் எல்லோரும் தரையைப் பார்க்கிறார்கள். இந்த முறை முதல் பெயர் என்னுடையது. கைநாட்டு இல்லை, கையெழுத்து. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உனக்கு அடுத்து நிற்கும் உன் தோஸ்து,
பிலோமினாவின் அண்ணன்,
கன்னியப்பன்