வெள்ளிக்கிழமை முட்டை

பசி இல்லாத இடத்தில் இருப்பாய் என்று நான் நம்பிக்கொண்டிருக்கும் என் தம்பி ரூபனுக்கு,

இன்று வெள்ளிக்கிழமை. காலையிலிருந்து இந்தக் கடிதத்தை மூன்று தரம் தொடங்கிவிட்டேன். நாலு வரி எழுதுவதும், எழுந்து போய்க் கூட்டுக்குள் எட்டிப் பார்ப்பதுமாக இருக்கிறேன். பிட்டு இன்னும் ஒன்றும் தின்னவில்லை. நேற்றுப் பின்னேரம்தான் மிருக வைத்தியரிடமிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்தேன். வயிற்றில் ஏழு தையல். இன்று பொழுதுபடுவதற்குள் ஏதாவது உள்ளே போகவேண்டும், போகாவிட்டால் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். திரும்பக் கொண்டுபோனால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை.

வேறு யாரும் இதைப் படித்தால் பிட்டு உன் பிள்ளை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். வெள்ளையாக ஒன்று, செம்பழுப்பாக ஒன்று, நீள உடம்பும் கட்டைக் கால்களுமாக வீட்டுக்குள் ஓடித் திரியும் சோடி. பிரெஞ்சுக்காரர் ஃபுரே என்பார்கள். நீ வேலை செய்த ரெஸ்டோரன்ட் குசினியில் உன்னோடு நின்றவன் ஒருவன், ஊர் மாறிப் போகும்போது உன் கையில் கொடுத்துவிட்டுப் போனான். வெள்ளைக்குப் பிட்டு, மற்றதுக்குச் சம்பல் என்று நீ பெயர் வைத்தாய். நான் எத்தனை தரம் கீரி என்று சொன்னாலும், "கீரி இல்லை அக்கா, இது வேறை சாதி" என்பாய். ரூ பெர்தொனே தெருவில் நான் சட்டை தைக்கிற கடைக்கு வரும் சனம் இன்றைக்கும் "அக்கா, கீரி சுகமோ" என்றுதான் கேட்கிறது.

பெயர்தான் பிட்டும் சம்பலும். தின்பதெல்லாம் பச்சை இறைச்சி. கோழிக் கழுத்து, இறக்கை, கொஞ்சம் ஈரல், எல்லாம் எலும்போடு. வாரத்துக்கு ஒரு பச்சை முட்டை. நீ தட்டை நிலத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருந்து பார்ப்பாய். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குத் தையல் மெஷினையும் தாண்டிக் கேட்கும். இறைச்சி என்றால் மஞ்சள் போட்டு மூன்று தண்ணீரில் கழுவி அடுப்பில் ஏற்றினால்தான் எனக்கு அது சாப்பாடு, அதுவரைக்கும் அது பிணம். இதை உன் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.

"பச்சையாத் திண்டால்தான் அக்கா அதுகளுக்குச் செமிக்கும்."

"எனக்குப் பாக்கவே செமிக்கேல்லையடா."

நீ சிரித்தாய். அந்த நாளில் சிரிப்பாய்.

இரு, ஒருக்கால் பார்த்துவிட்டு வருகிறேன்.

இல்லை, இன்னும் சுருண்டுதான் கிடக்கிறான். சம்பல் பக்கத்தில் போய் மோந்துவிட்டு என்னைப் பார்க்கிறான். அவன் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

2009இல் சண்டை முடிந்து, அடுத்த வருஷ மாரிக் குளிரில் நீ வந்து சேர்ந்தாய். கார் து நோர் ஸ்டேஷனில் உன்னை இரண்டு தரம் கடந்து நடந்தேன், அடையாளம் தெரியவில்லை. முகாமிலிருந்து வந்தவனை ஒரு மாதத்தில் உருட்டித் திரட்டி எடுக்கிறேன் பாருங்கோ என்று சனத்துக்குச் சொல்லித் திரிந்தேன். சமைத்துச் சமைத்துப் போட்டேன். நீ நாலு வாய் தின்றுவிட்டுத் தள்ளி வைத்தாய். உன் படுக்கையைத் தட்டும்போது தலையணைக்குக் கீழே காய்ந்த பாண் ரொட்டித் துண்டு இருந்தது. "இஞ்சை பாணுக்கு என்னடா பஞ்சம், மூலைக்கு மூலை கடை இருக்கு" என்று சிரித்துக்கொண்டே குப்பையில் போட்டேன். அடுத்த நாளும் இருந்தது. அதையும் போட்டேன்.

நாலைந்து வருஷத்தின் பின் இந்தச் சோடி வந்து அதே வேலையைச் செய்தது. பாதியைத் தின்றுவிட்டு மீதியை இழுத்துக்கொண்டுபோய் ஒளிக்கும். சோபாவுக்குக் கீழே, உன் சப்பாத்துக்குள்ளே. அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் நீ தொடங்கினாய். "அக்கா, அங்கை கடைசியிலை நாங்கள் பங்கருக்குள்ளை இருக்கேக்கை..." நான் உனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "விடடா, சாப்பாட்டிலை கை வைக்கேக்கை உந்தக் கதை வேண்டாம்" என்றேன். நீ விட்டுவிட்டாய். அதற்குப் பிறகு தொடங்கவே இல்லை. பங்கருக்குள்ளே என்னடா நடந்தது? யாருக்காக அந்தப் பாணை எடுத்து வைத்தாய்?

பிறகு அந்த வெள்ளிக்கிழமை. தலைமுழுகி, விளக்கேற்றக் குனிந்தால் சாமித் தட்டுப் பக்கமிருந்து ஒரு நாற்றம். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கோழிக் கழுத்து, எத்தனை நாளையதோ. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மதாம் வந்து கதவைத் தட்டினாள்.

"சம்பல்தான் வைச்சிருப்பான் அக்கா. சாமிக்குப் பின்னாலை எண்டால் ஒருத்தரும் எடுக்க மாட்டினம் எண்டு நினைச்சிருப்பான்."

நீ பகிடி விடுகிறாய் என்று எனக்கு இன்னும் கொதித்தது. "ஒண்டில் உதுகள், இல்லாட்டில் நான்" என்று சொல்லிவிட்டேன். வாயைவிட்டு வந்த சொல்லைத் திருப்பி எடுக்க எனக்கு எந்தக் காலத்தில் தெரிந்தது? அந்த வாரமே நீ ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்துப் போனாய். நடந்தால் பத்து நிமிஷம். இரண்டு வருஷமாக நான் அந்தப் படி ஏறவில்லை. மகள் ஆரணியிடம் சோற்றுப் பார்சல் கொடுத்துவிடுவேன், அவள் உன்னோடும் அதுகளோடும் இருந்துவிட்டு வருவாள். "மாமா என்ன சொன்னவர்" என்று கேட்பேன். "ஒண்டும் சொல்லேல்லை" என்பாள். ரோஷத்தில் நாங்கள் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான்.

வைகாசியில் நீ கூட்டையும் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாய். நெஞ்சில் அடைப்பாம், ஆஸ்பத்திரியில் மூன்று நாள் படுக்கவேண்டுமாம். முகம் சாம்பலாக இருந்தது. "மூண்டு நாள்தான் அக்கா" என்று கூட்டைக் கீழே வைத்தாய். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த கடதாசி ஒன்றை நீட்டினாய். "சாப்பாட்டு விஷயம் எல்லாம் இதிலை எழுதியிருக்கு."

"மூண்டு நாளுக்கு என்னத்துக்குக் கடதாசி" என்று வாங்கிக்கொண்டுபோய்ச் சாமித் தட்டில் வைத்தேன். உன்னை உள்ளே வா என்று சொன்னேனா? சொன்னதாகத்தான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நீ வரவில்லை.

அந்தக் கடதாசியை நான் விரிக்கவில்லை. உன் கையெழுத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. தேவையும் வரவில்லை, ஆரணிக்கு எல்லாம் தெரிந்திருந்தது, அவளே இறைச்சி வாங்கி அவளே போட்டாள். செப்டெம்பரில் அவள் லியோனுக்குப் படிக்கப் போனாள். போகிற அவசரத்தில் பிரெஞ்சில் படபடவென்று ஏதேதோ சொன்னாள். நான் ஓம், ஓம் என்று தலையாட்டினேன். கேட்டது பாதி, விளங்கியது கால்.

கையுறை போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நானே போடத் தொடங்கினேன். வெள்ளிக்கிழமைதான் இடித்தது. வெள்ளியில் நான் பச்சை இறைச்சியைத் தொடுவதில்லை, உனக்குத் தெரியும். முதல் வெள்ளி பருப்பும் சோறும் நெய் விட்டுப் பிசைந்து வைத்தேன். சம்பல் அதன் மேலே ஏறி நடந்துவிட்டுப் போனான். நாலு மணித்தியாலம் பட்டினி கிடந்தாலே அதுகளுக்கு ஆகாது என்று ஆரணி சொன்னது மட்டும் ஞாபகம் இருந்தது. விரதம் எனக்குத்தானே, அதுகளுக்கு என்ன வந்தது? அதனால் வியாழக்கிழமையே கோழிக்காலை மஞ்சளும் உப்பும் போட்டு, எலும்போடு நன்றாக அவித்து ஆறவைத்தேன். வெள்ளி காலையில் கரண்டியால் எடுத்து வைத்தேன். இரண்டும் போட்டி போட்டுத் தின்றன. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ரூபன் காட்டுத்தனமாக வளர்த்ததை நான் திருத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

மூன்று வெள்ளி ஒன்றும் நடக்கவில்லை. நாலாம் வெள்ளிக்கு மறுநாள் பிட்டு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, முன்னங்காலால் வாயை வழித்தபடி மூலையில் கிடந்தான். ஒரு துவாயில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

வைத்தியர் சின்னப் பெண், ஆரணியைவிட நாலு வயது கூட இருப்பாள். எலும்பு கொடுத்தீர்களா என்று கேட்டாள். ஊய், அதாவது ஓம் என்றேன். பச்சையாகவா, அவித்தா என்று கேட்டாள். குசினிப் பிரெஞ்சு எனக்கு வரும், உன் வாயிலிருந்து பிடித்ததுதான். நிமிர்ந்து நின்று, "பியன் குயி, மதாம்" என்றேன். நன்றாக அவித்தது, மதாம்.

அவள் பேனையைக் கீழே வைத்தாள். பிறகு எனக்கு விளங்கும்படி மெல்ல மெல்லச் சொன்னாள். பச்சை எலும்பு மெத்தென்று இருக்கும், கடித்தால் நொறுங்கிச் செமித்துவிடும். அவித்த எலும்பு காய்ந்து ஊசி ஊசியாக உடையும். அதில் ஒன்று பிட்டுவின் குடலில் நிற்கிறது.

அவனை அங்கே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, செருப்பும் கழற்றாமல் சாமித் தட்டிலிருந்த கடதாசியை எடுத்தேன். திங்கள் கழுத்து, செவ்வாய் இறக்கை என்று கிழமை கிழமையாக எழுதியிருந்தாய். நடுவில் கோடு போட்டு இப்படி எழுதியிருந்தாய்: "எலும்பை அவிக்க வேண்டாம் அக்கா. உங்களுக்கு மனம் கேளாது, தெரியும். எண்டாலும் பச்சையாகவே போடுங்கோ." ஐந்து மாதமாக விளக்கேற்றிக் கும்பிட்ட இடத்தில்தான் அது கிடந்தது. கடைசி வரி, வெள்ளி: முட்டை மட்டும்.

ஆரணிக்குப் போன் எடுத்தேன். அது என்ன வெள்ளிக்கு முட்டை என்று கேட்டேன். வழக்கமாகப் பிரெஞ்சில் பதில் சொல்கிறவள் இந்தமுறை தமிழில் சொன்னாள்.

"மாமான்ரை ரூமிலையும் வெள்ளிக்கு முட்டைதானம்மா. எப்பவும். நான் ஏன் எண்டு கேட்டனான். கொம்மான்ரை வீட்டை திரும்பிப் போகேக்கை அதுகளுக்குப் பழகியிருக்க வேணும் எண்டு சொன்னவர்."

இரண்டு வருஷமா? நான் படி ஏறாத இரண்டு வருஷமும் ஒவ்வொரு வெள்ளியும் நீ என் வீட்டுக்கு வர ஆயத்தமாகிக்கொண்டா இருந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னால் மட்டும் நான் கேட்டிருப்பேனா?

அன்றிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். தைக்க இருந்தால் ஊசி குத்துகிறது. நேற்று ஒரு பிள்ளையின் கலியாணச் சட்டைக்குக் கையைத் திருப்பி வைத்துத் தைத்துவிட்டேன்.

இப்போதும் எழுந்துதான் போனேன். ஒரு முட்டையை உடைத்து, மஞ்சள் கருவை மட்டும் பீங்கானில் விட்டுக் கூட்டுக்கு முன்னால் குந்தினேன். கரண்டியை நீட்டினேன், முகத்தைத் திருப்பினான். கையுறை போட்ட விரலை நீட்டினேன், அதற்கும் திருப்பினான். கையுறையைக் கழற்றி வைத்தேன். வெறும் விரலை முட்டையில் தோய்த்து அவன் வாயடியில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். முழங்கால் விறைத்துப்போயிற்று. "தின்னடா ராசா, கொஞ்சமாத் தின்னு" என்று நான் சொல்வது எனக்கே கேட்டது. உனக்கு ஒருநாளும் கொஞ்சமாகத் தின் என்று நான் சொன்னதில்லை. நக்கினானடா, ரூபன். ஒருதரம் நக்கிவிட்டு நிறுத்தினான். பிறகு என் விரலை இரண்டு காலாலும் பிடித்துக்கொண்டு நக்கினான். நாக்கு சின்னதாக, சூடாக இருந்தது. நான் அழுதேன், அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

நான் அழுகிற நேரம் பார்த்துச் சம்பல் குசினியிலிருந்த மற்ற முட்டையை உருட்டிக்கொண்டு போய்விட்டான். ஆஸ்பத்திரியில் தந்துவிட்ட உன் சப்பாத்து வாசலில் இன்னும் இருக்கிறது. அதற்குள்ளே தள்ளி வைத்துவிட்டு ஒன்றும் தெரியாதவன்போல வருகிறான். நான் எடுக்கவில்லை, இருக்கட்டும். மணக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

இனி வெள்ளிக்கு முட்டை. மற்ற நாளெல்லாம் பச்சையாக, என் வெறும் கையால். அதுகள் ஒளித்து வைப்பதைக் கேட்காமல் குப்பையில் போடமாட்டேன். கடைக்கு அளவு கொடுக்க வருகிற வன்னிச் சனம் சில நேரம் பேச்சோடு பேச்சாக, "அங்கை கடைசியிலை" என்று தொடங்கும். இத்தனை நாளும் "கையைத் தூக்குங்கோ, சுத்தளவு பாப்பம்" என்று கதையை மாற்றிவிடுவேன். இனி அளவு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, முடியும்வரை கேட்பேன். இது உனக்கு நான் தருகிற சத்தியம்.

ஒன்று பாக்கி. எல்லோருக்கும் அவித்து ஆறவைத்துச் சொன்னதை உனக்காவது பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். அன்று நீ கூட்டோடு வாசலில் நின்றபோது, உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

வா ரூபன்.

வெள்ளிக்கிழமையும் கையில் முட்டை மணக்கிற,
உன் அக்கா