கல்நகர்த்தியின் நடை

ஐப்பசி 9, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். லாட்ஜில் ஒரு அறைக்கும் ஆள் இல்லை. ரோஜாத் தொட்டிகளைக் கூரைக்குள் இழுத்து வைத்தேன். அதோடு தோட்ட வேலை முடிந்தது.

இந்த நோட்டு வானதி கொடுத்தது. மேனேஜர் மகள். பெங்களூரில் காலேஜ். ஸ்கூட்டரில் விழுந்து, மாவுக்கட்டோடு இங்கே வந்து படுத்திருக்கிறாள். "முதியோர் வகுப்புல எழுதக் கத்துக்கிட்டீங்கல்ல தாத்தா, எழுதாம உட்டா மறந்துரும். நாலு வரியாச்சும் எழுதுங்க" என்றாள். நாலு வரி எப்போதோ தாண்டிவிட்டது. என் கையா இது.

மத்தியானம் விளையாட்டு. ஒரு மாதமாக நடக்கிறது. வானதி கதை சொல்கிறவள். ஆடுகிறவர்கள் சமையல் மணி, வெள்ளக்கடை ஜீப் டிரைவர் ஆரோக்கியம், நான். சீட்டு இல்லை, தாயம் இல்லை. ஆளுக்கு ஒரு ஆளை உண்டாக்கி, அந்த ஆளாகவே பேச வேண்டும். காடு, குகை, பூதம் எல்லாம் வானதி சொல்வாள். நாம் என்ன செய்கிறோம் என்று நாம் சொல்ல வேண்டும். நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். புத்தகம் இங்கிலீஷ். அவள் படித்துத் தமிழில் சொல்கிறாள்.

என் ஆள் பொன்னுத்தாயி. வயது இருபத்தைந்து. தேன் எடுப்பவள். உயரம் என்றால் பயம்.

"தேன் எடுக்கறவளுக்கு ஒசரம் பயமா? அப்பறம் எப்படிப் பெருசு எடுப்பா?" என்றான் மணி.

"நீதான் ஏணியப் புடிக்கோணும்."

பிடித்தான். அவன் ஆள் பீமராஜன். பலத்துக்கு எண் பதினெட்டு. அறிவுக்கு மிஞ்சியது நாலு. ஏணியைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டது. பொன்னுத்தாயி மேலே கிடந்து கத்தினாள். நான்தான் கத்தினேன். மேனேஜர் ஓடி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஐப்பசி 12, புதன்

பனி. வேலை இல்லை. ஆள் உண்டாக்குவது பற்றி எனக்குத் தெரிந்தது. வானதி கேட்டாள் என்பதால் எழுதிப் பார்க்கிறேன்.

எல்லாவற்றிலும் நல்ல எண் வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது. ஒன்றில் நொண்டியாக இருக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் பக்கத்தில் நிற்பார்கள்.

ஆரோக்கியத்தின் திருடனுக்கு அம்மா இல்லை, அப்பா இல்லை, ஊர் எரிந்துவிட்டது. ஏன் எல்லோரும் அனாதை? சொந்தக்காரன் இருந்தால்தான் தொந்தரவு. தொந்தரவு இருந்தால்தான் கதை. அவனுக்கு ஒரு மாமியார் வைக்கச் சொன்னேன். வைத்தான். அதிலிருந்து அவன் ஆட்டம் நன்றாக இருக்கிறது.

கத்தியின் பெயரைவிட அந்த ஆள் என்ன சாப்பிடுவான் என்பது முக்கியம்.

நம் மலையிலிருந்து விளையாட்டில் சேர்க்கக் கூடியவை:

அட்டை. காலில் ஏறிவிட்டால், இரும்புச் சட்டை போட்ட வீரனும் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்ற வேண்டும். அவன் முறை போயிற்று.

காட்டெருமை. சண்டைக்கு வராது. பாதையில் நிற்கும். நாமும் நிற்க வேண்டும். பகடை உருட்டக் கூடாது. (வானதிக்கு இது ரொம்பப் பிடித்தது.)

மூடுபனி. குறைந்த எண் விழுந்தால், பின்னால் வருகிறவன் பெயர் மறந்துபோகும்.

கை வலிக்கிறது. சந்தோஷமான வலி.

ஐப்பசி 16, ஞாயிறு

மழை விட்டது. ஏரிப் பக்கம் நாலைந்து கார்.

இன்று என் பூதம். "பொஸ்தகத்துல இருக்கற பூதமெல்லாம் போதும் தாத்தா, நீங்க ஒண்ணு கொண்டாங்க" என்று போன வாரம் வானதி சொல்லியிருந்தாள். வாரம் முழுக்க அதே நினைப்பு. தண்ணீர் ஊற்றிய செடிக்கே மறுபடி ஊற்றினேன்.

பெயர் கல்நகர்த்தி. குட்டை ஆள் மாதிரி இருக்கும். யாரையும் அடிக்காது. அந்தி நேரத்தில் எல்லைக் கல்லை ஒரு விரல்கடை நகர்த்தும். அவ்வளவுதான். ஆனால் சில வருஷத்தில் ஊர் வேறு இடத்தில் இருக்கும். வீட்டுக்குக் கிளம்பியவன் பக்கத்து ராஜ்யத்தில் போய் நிற்பான். கத்தி ஏறாது. ஒருவர் விடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் மட்டும் அதனால் கல்லைத் தொட முடியாது.

"எந்திரிச்சு நடந்து காட்டுங்க தாத்தா. நடை தெரிஞ்சாத்தான் பூதம் தெரியும்."

எழுந்தேன். வலது தோளைத் தூக்கி, இடது காலைக் கொஞ்சம் பிந்தி வைத்து, நின்று நின்று ஒரு 'க்கும்'. ஆரோக்கியம் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். மணி கரண்டியோடு பின்னாலேயே நடந்தான். வானதி கட்டுப் போட்ட காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "வலிக்குது, நிறுத்துங்க" என்றாள். நான் நிறுத்தவில்லை. இன்னொரு சுற்று நடந்தேன்.

அந்த நடை என் தம்பி சின்னக்கண்ணுவுடையது. யோசித்து வைக்கவில்லை. எழுந்ததும் வந்துவிட்டது.

ஐப்பசி 21, வெள்ளி

மழை. எழுத மனம் இல்லை. எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

எங்கள் ஊர் தலைச்சோலையில் என் காப்பிக் காடும் தம்பி காடும் பக்கம் பக்கம். இரண்டு பேருக்கும் நடுவில் கல்கட்டும் எல்லைக் கல்லும். எனக்குச் சாப்பாடு தம்பி வீட்டிலிருந்துதான். அவன் மகள் செல்வி கொண்டுவருவாள். இன்று வந்தவள் தூக்குப் போசியை வைத்த கையோடு திரும்பினாள். கண் வீங்கியிருந்தது.

"ஏங் கண்ணு?"

"ஒண்ணுமில்லீங்க பெரியப்பா. களி ஆறிப்போயிரும், சாப்பிடுங்க."

மத்தியானம் ஆரோக்கியம் வந்து எல்லாம் சொன்னான். புதன்கிழமை வெள்ளக்கடை டீக்கடையில் கல்நகர்த்தி நடந்து காட்டியிருக்கிறான். எல்லோரும் சிரிக்கட்டும் என்றுதான். ஒருத்தர் சொல்லியிருக்கிறார்: "இது தலைச்சோலை சின்னக்கண்ணு நடையல்லோ." இன்னொருத்தர்: "யாரு சொன்னது? அவங்கண்ணனா? பக்கத்துக் காட்டுக்காரன் சொன்னா சும்மாவா சொல்லுவான்?"

அங்கே பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் செல்வியைப் பெண் பார்த்துவிட்டுப் போன பையனின் அப்பா. தையில் கல்யாணம் என்று பேசி முடித்த இடம். சாயங்காலமே சொல்லி அனுப்பிவிட்டாராம்: கொஞ்சம் பொறுத்துப் பேசிக்கொள்ளலாம்.

"எனக்குத் தெரியாதுங்க பெரியவரே. பூதம்னுதானே சொன்னீங்க" என்றான் ஆரோக்கியம். அழுகிற மாதிரி இருந்தான். அவன் மேல் என்ன தப்பு.

எங்கள் ஊரில் கல்லைப் பற்றிய பேச்சை ஊர்க் கவுண்டர் முன்னால்தான் எடுக்க வேண்டும். வேறெங்கும் கூடாது. சண்டையில் என்ன கெட்ட வார்த்தையும் பேசலாம், 'கல்லை நகர்த்தினவன்' என்று மட்டும் சொல்ல மாட்டோம். எனக்குத் தெரியாதா? விளையாட்டுக்கு அதெல்லாம் இல்லை என்று நினைத்துவிட்டேன்.

தம்பி எந்தக் கல்லையும் தொட்டவன் இல்லை. தொட்டான் என்று நான் ஒரு நாளும் நினைத்ததும் இல்லை. எனக்குச் சிரிப்பு வேண்டியிருந்தது.

களியை மிச்சம் வைத்தால் செல்வி வருத்தப்படுவாள் என்று சாப்பிட்டேன்.

ஐப்பசி 23, ஞாயிறு

விளையாட்டுக்குப் போகவில்லை. வானதியிடம் காலையிலேயே சொல்லிவிட்டேன். "நானே ஜீப்புல வந்து அவங்ககிட்டச் சொல்றேன் தாத்தா. நான்தானே நடக்கச் சொன்னேன்" என்றாள். கட்டுக் காலோடு எங்கே வருவது. "நடை உன்னுது இல்ல சாமி, நீ இரு" என்றேன்.

தம்பி காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தான். கூடை பாதி. நானும் ஒரு வரிசையில் நின்று பறித்தேன். அவன் கூடையிலேயே போட்டேன். அவன்தான் ஆரம்பித்தான்.

"பூதமாமுங்க நானு."

"தப்புதான் சின்னக்கண்ணு."

"கல்லுக்குச் சத்தியம் பண்ணச் சொன்னா இப்பவே பண்ணிருவேனுங்கண்ணா. நடைக்கு என்ன சத்தியம் பண்றது?"

கிளையை வளைத்துப் பிடித்தபடி அவனே தொடர்ந்தான்.

"நேத்து கடைக்குப் போனேன். நான் நடக்கறதப் பாத்துட்டு ரெண்டு பசங்க வாயப் பொத்திக்கறானுங்க. தோள எறக்கி நடந்து பாத்தேன். வரமாட்டீங்குது."

அதற்குப் பிறகு இருவரும் பறித்தோம். கிளம்பும்போது, "ராத்திரிக்குக் கீரை. செல்வி கொண்டாருவா" என்றான்.

திட்டியிருக்கலாம்.

ஐப்பசி 26, புதன்

வெயில். ஊர்க் கவுண்டர் வீட்டுக்கு நானே போனேன். கூப்பிடுவதற்கு முன் போய்விடலாம் என்று. எல்லாவற்றையும் சொன்னேன். பகடை, பொன்னுத்தாயி, எல்லாம். பொறுமையாகக் கேட்டார்.

"செரி. இதுல யாரு செயிச்சீங்க?"

"செயிக்கறது தோக்கறதெல்லாம் இல்லீங்க."

"அப்பறம் என்ன வெளையாட்டு அது?"

"அந்த ஆளா இருக்கறதுதானுங்க வெளையாட்டு."

"இந்த வயசுல பொம்பளையா இருக்கறீங்க." பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அவர் சம்சாரம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

பிறகு கவுண்டர் சிரிப்பை விட்டுவிட்டுக் கேட்டார். "பூதம் யாரு வேணாலும் உண்டாக்கலாமுங்க. அதுக்கு மொகம் குடுத்தது யாரு?"

"நாந்தானுங்க."

வழக்கப்படிதான் செய்ய வேண்டும் என்றார். கல் பேச்சை எடுத்தவனும் பேச்சுக்கு ஆளானவனும் செருப்பில்லாமல் எல்லையைச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு கல்லையும் இருவரும் தொட வேண்டும். சந்தேகப்பட்டவர்கள் கூட வந்து பார்க்க வேண்டும். எல்லாம் சரியாக இருந்தால், சம்மதம் என்று அங்கேயே சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது. வெள்ளக்கடைக்கு ஆள் அனுப்பினார்.

வெளியே வந்ததும் மூச்சு வந்தது. சுற்றினால் தீர்ந்தது. கல் எல்லாம் இருக்கிற இடத்தில்தானே இருக்கிறது.

ஐப்பசி 28, வெள்ளி

லேசான பனி, பிறகு வெயில். ஊர்க் கவுண்டர், மாப்பிள்ளையின் அப்பா, அவர் மச்சான். தம்பியும் நானும் முன்னால். ஆரோக்கியம் ஜீப்பை ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

மேல் பக்கத்துக் கல் முதலில். தொட்டோம். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தின் பக்கம் அடுத்தது. தொட்டோம். மாப்பிள்ளையின் அப்பா ஒவ்வொரு கல்லின் அடி மண்ணையும் குனிந்து பார்த்தார். குறை இல்லை. முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. "பையன் காடும் பங்காளி காட்டோட ஒட்டித்தான் கெடக்குது, கல் பேச்சுன்னதும் பயந்துட்டமுங்க" என்றார்.

கடைசியில் கீழ்க் கல்கட்டு. இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் அது சரிந்து விழுந்தது. கூலிக்கு ஒரு ஆளை வைத்து நான்தான் திரும்பக் கட்டினேன். தம்பி அப்போது சேலம் ஆஸ்பத்திரியில், குடல் ஆபரேஷன்.

கிட்டே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மற்ற கற்களிலிருந்து ஒரே நேராக நடந்து வந்ததால் தெரிந்தது. தனியாக வரும்போது ஒரு நாளும் தெரிந்ததில்லை. கட்டு கீழே, தம்பி காட்டுக்குள் தள்ளி நிற்கிறது. விரல்கடை இல்லை, நன்றாக ஓர் எட்டு வைக்கிற தூரம். சரிந்த கல் உருண்டு நின்ற இடத்திலிருந்தே எழுப்பிவிட்டேன் போல. எல்லைக் கல்லையும் அதோடு சேர்த்து நட்டிருக்கிறேன். பழைய குழி மேட்டில் அப்படியே இருக்கிறது, பாதி மண் மூடி. குழிக்கும் கட்டுக்கும் நடுவில், இப்போது என் பக்கம், தம்பி வைத்த ஆரஞ்சு மரம். கட்டுக்கு என் பக்கம் நிற்கிறதே என்று யோசிக்காமல் இரண்டு வருஷமாக நான்தான் பழம் பறிக்கிறேன்.

தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நேராக மேட்டில் ஏறி, குழியின் மேல் நின்று, மரத்தில் சாய்ந்துகொண்டான். அவனுக்கு முன்பே தெரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்தே தெரிந்திருக்கும்.

"ஏனுங்க, நல்லாக் காச்சிருக்குதே. இந்த மரம் யாரோடதுங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

"அண்ணனோடதுங்க" என்றான் தம்பி.

ஊர்க் கவுண்டர் மரத்தைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கடைசிக் கல்லைத் தொடச் சொன்னார். தம்பி ஒரு காலைக் குழி மேல் வைத்தபடியே எட்டித் தொட்டான். நானும் தொட்டேன்.

மாப்பிள்ளையின் அப்பா சம்மதம் சொன்னார். தை பத்துக்குள் முகூர்த்தம். எல்லோருக்கும் தம்பி வீட்டில் காப்பி. அந்தப் பூதம் மாதிரி நடந்து காட்டுங்க என்று மச்சான்காரர் என்னிடம் விளையாட்டாகக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

ஐப்பசி 30, ஞாயிறு

தூறல். லாட்ஜுக்குப் போகவில்லை. விடியும்போதே கடப்பாரையை எடுத்துக்கொண்டு கல்கட்டுக்குப் போனேன். கல்லைப் பிடுங்கிப் பழைய குழியில் வைத்துவிடலாம் என்று. கடப்பாரையை ஊன்றிய பிறகுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. யாரும் பார்க்காத நேரத்தில் தனியாக வந்து எல்லைக் கல்லை நகர்த்துகிறேன்.

தம்பி மேலே நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ.

"கவுண்டர்கிட்டச் சொல்லிரலாம் சின்னக்கண்ணு. இப்பவே போலாம்."

"சொன்னா என்னாகும்? பொண்ணோட பெரியப்பன் கல்ல நகத்தினவர்னு வெள்ளக்கடையில பேசுவாங்க. அதுக்கா சுத்தினோம்?"

"அப்ப?"

"தை முடியட்டுங்கண்ணா. அதுக்கப்பறம் ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லலாம்."

"ரெண்டு வருசமா ஏன் கேக்கல நீயி?"

"கேட்டா கல் பேச்சாயிருமே." கொஞ்ச தூரம் போய்த் திரும்பினான். "பழம் பழுத்துருச்சு. எப்பவும் போலப் பறிங்க. பறிக்காம உட்டா ஏன்னு கேப்பாங்க."

கடப்பாரையை வீட்டில் வைத்துவிட்டுக் கூடையோடு போனேன். பாதையில் இரண்டு பேர் பார்த்தார்கள், "இந்த வருசம் எப்படிங்க?" என்று கேட்டார்கள். ஒன்றை உரித்து அவர்களுக்குக் கொடுத்தேன். எனக்கும் ஒரு சுளை.

நல்ல இனிப்பு.