உரிந்த சிவப்பு

நவ. 23, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. சாயங்காலம் கரண்ட் போச்சு. அரிக்கேன் சிம்னி நேற்றே உடைந்துவிட்டதால் குடோனிலிருந்து ரயில்வே கைவிளக்கு ஒன்று எடுத்து, ஏற்றி அடுப்பு மேடையில் வைத்தேன். கேட் கீப்பர்களுக்கு என்று போன மாதம் மொத்தமாக சப்ளை செய்தோமே, அந்தச் சரக்கில் மீதி. திருப்பினால் சிவப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பில் இருந்தது. அப்படியே விட்டேன்.

சோறு வடிப்பதற்குள் வெளிச்சம் வெள்ளையாகிவிட்டது. கண்ணாடியில் சிவப்பு தோல் தோலாக உரிகிறது. சுரண்டினால் நகச்சாயம் மாதிரி வருகிறது. சிவப்புக் கண்ணாடியே இல்லை. வெறும் பெயிண்ட்.

வீட்டுக்காரர் வந்ததும் காட்டினேன். முகத்தில் ஆச்சரியமே இல்லை. பாவி மனுஷனுக்கு முன்னமே தெரியும்.

"சாம்பிள் நல்ல கண்ணாடிதான் குடுத்தோம். மொத்தமா எடுக்கறப்ப இது வெல கம்மியா வந்துச்சு. எவன் சுரண்டிப் பாக்கப் போறான்?"

"சுரண்டவே வேணாங்க. சூட்டுலயே உரியுது."

"கையெழுத்து போடறதோட நில்லு. யோசிக்கறது என் வேலை."

கம்பெனி பொம்பளை பேரில் இருந்தால் சௌகரியம் என்று கல்யாணமான வருஷமே என் பேரில் பதிந்தவர் இவர்தான். போர்டு, ஸ்டாம்ப், கையெழுத்து எல்லாம் நான். வாங்குவது, விற்பது, திருடுவது அவர்.

நவ. 24, புதன்

பால் திரிந்துவிட்டது. டெய்லர் இன்னும் ரவிக்கை தைக்கவில்லை. திமிர்.

இன்னொரு விளக்கை ஏற்றிப் பார்த்தேன். அதே கதி.

"கார்த்திகை தீபம் முடியட்டும், மாத்திக்கலாம்" என்கிறார். தீபத்துக்குத்தானே ஸ்பெஷல் ரயில்? ஊர் கொள்ளாத ஜனம் தண்டவாளத்தைத் தாண்டுமே? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். சிவப்பு காட்டினால் டிரைவர் நிறுத்துவார், வெள்ளை தெரிந்தால்? கேட்டேன். டி.வி. சத்தத்தைக் கூட்டினார். போட்டு உடைக்கலாம் போல் வந்தது.

நவ. 25, வியாழன்

வாங்க வேண்டியது: அகல், திரி, பொரி, வெல்லம்.

அந்தச் சாக்கில் ரயில்வே கேட்டுக்குப் போனேன். கேட் கீப்பர் வயசானவர்.

"புது லைட்டு எப்படிங்க இருக்குது?"

"நல்லாருக்குதும்மா. செவப்பா பொடி கொட்டுது, அவ்ளோதான். அழுக்குன்னு தெனம் துணி போட்டு தொடச்சிடறேன்."

வாங்கிப் பார்த்தேன். கண்ணாடி பளபளக்கிறது. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

"ராத்திரில செவப்பு சரியாத் தெரியலம்மா. கண்ணு மங்கிப்போச்சு எனக்கு. ஆபீஸ்ல சொன்னா வேலைய விட்டு எடுத்துடுவாங்கன்னு வாயத் தெறக்கல."

"உங்க கண்ணுக்கு ஒண்ணுமில்லங்க. லைட்டுதான் சரியில்ல. இதக் காட்டாதீங்க."

வீட்டுக்கு ஓடி, அலமாரியில் மிச்சமிருந்த சாம்பிள் விளக்கை எடுத்துப்போய்க் கொடுத்தேன். அது ஒன்றுதான் நிஜச் சிவப்பு. மற்ற கேட்டுகளுக்கு நான் எங்கே போவேன்? திரும்பி வருகிற வழியெல்லாம் அழுகை. அழுகைகூட இல்லை, ஆத்திரம்.

நவ. 26, வெள்ளி

அவரிடம் சொல்லாமல் விழுப்புரம் பஸ். ஜன்னல் ஒழுகி ஒரு பக்கம் முழுக்க நனைந்தேன். பையில் ஸ்டாம்பும் ஒரு விளக்கும்.

ரயில்வே ஸ்டோர் அதிகாரி நல்ல மாதிரி. "வீட்டுக்காரர் வரலயாம்மா? சரக்க திரும்ப எடுக்கணும்னா முதலாளிதான் எழுதித் தரணும்."

"முதலாளி நான்தாங்க."

அவர் மேஜையிலேயே ஏற்றி வைத்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே உரிந்தது. பார்த்தார்.

"இதுக்கப்புறம் உங்க கம்பெனிக்கு ஆர்டரே வராது. தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க."

எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உடனே போனை எடுத்தார். ஸ்டேஷன் ஸ்டேஷனாகக் கூப்பிட்டு, புது விளக்கை யாரும் தொடக்கூடாது, பழையது இன்றைக்கே வரும் என்றார். அதைக் கேட்ட பிறகுதான் எழுந்தேன்.

வீட்டில் ரகளை. "சோத்துல மண்ண அள்ளிப் போட்டுட்டியேடி" என்று அக்கம்பக்கம் கேட்கக் கத்தினார். சோறு போகும் என்று எனக்கும் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது. அதற்காகக் காலில் விழ முடியாது.

நவ. 28, ஞாயிறு. தீபம்

மழை விட்டது. நேற்று லாரியில் சரக்கெல்லாம் திரும்பி வந்தது. வாசலை அடைத்துக்கொண்டு பெட்டிகள், கோலம் போட இடமில்லை.

மொட்டை மாடியில் அகல் ஏற்றினேன். மலையில் தீபம் தெரிந்ததும் கீழே ஒரே அரோகரா. இரண்டு நாளாகப் பேசாதவர் மேலே வந்தார்.

"நாளைக்கே கம்பெனிய என் பேருக்கு மாத்தணும். கையெழுத்து போடு."

"போட மாட்டேங்க."

"பேரு மட்டுந்தான்டி உன்னுது."

"அதத்தான் தர மாட்டேன்."

கீழே இறங்கி, வாசலில் பெட்டி ஒன்றை உதைத்துவிட்டு வெளியே போனார். போகட்டும்.

கேட் பக்கம் ஜனம் இன்னும் தாண்டி முடியவில்லை போலிருக்கிறது. ஸ்பெஷல் ரயில் சிவப்புக்கு நின்று கூவுகிறது. கூவட்டும்.