சந்தையில் சொன்ன பெயர்

என் மூத்தவளுக்கு உம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். வாப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, புலம்பல்தான் குறையவில்லை. தம்பி நூராவுக்குப் பெண் பார்த்தாயிற்று, பெண்ணின் தாய்க்கு வாய் கொஞ்சம் நீளம், சமாளித்துக்கொள்ளலாம். நீ காட்டுத் தக்காளியின் மரபணுவை நம் தக்காளிக்குள் வைத்து உண்டாக்கினாயே, அந்த விதை நன்றாகக் காய்த்தது. பழுத்ததைப் பறிக்காமல் விட்டோம், நீ சொன்ன மாதிரியே தோலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியாக ஈரமெல்லாம் போய்ச் செடியிலேயே முழுசாகக் காய்ந்துவிட்டது. நறுக்கவில்லை, ரோட்டோரம் பாய் விரிக்கவில்லை, ஆடு விரட்டவில்லை, என் இடுப்பு உன்னை வாழ்த்துகிறது. ஆனால் வாய்க்கால் தண்ணீர் தெறித்த பழமெல்லாம் அழுகிப்போச்சு, ஈரத்தை வெளியே விடுகிற தோல் உள்ளேயும் விடும் போலிருக்கிறது, அதற்கு ஒரு வழி பார்.

காய்ந்தால் போதுமா, விற்க வேண்டுமே. இந்த வருடம் சந்தையில் எடுபடாவிட்டால் அடுத்த பருவத்துக்கு விதை கிடையாது என்று விதை ஆபீஸ்காரர் சொல்லிவிட்டார். உன் இத்தனை வருட உழைப்பு என் ஒரு கூடையில் இருக்கிறதே என்று விடியுமுன்பே போய்ச் சந்தையில் இடம் பிடித்தேன். பக்கத்துக் கடை லாதி சும்மா இருப்பாளா, "செடியிலயே செத்துப்போன பழத்த எவடி வாங்குவா, சீக்கு வந்ததுன்னு நினைப்பாங்க" என்றாள். அவள் வாய் பலித்தது, மத்தியானம் வரை போணியே ஆகவில்லை. அப்புறம் கானோ பட்டணத்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும், ஹஜ் செய்துவந்த ஒரு ஹாஜியா வந்தாள். ஒன்றை வாயில் போட்டு மென்றவள், "பல்லுல மண்ணே கடிக்கலையே" என்று ஆச்சரியப்பட்டாள். ஆளை அனுப்பி மூட்டையாக எடுப்பாளாம், என்ன பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்றாள். ஊரே உன் பெயரைச் சொல்லித்தான் அந்தத் தக்காளியைக் கூப்பிடுகிறது. தலைப்பிள்ளை பெயரைப் பெற்றவள் வாயால் சொல்கிற வழக்கம் நமக்கு ஏது? நீ பிறந்ததிலிருந்து உன்னை "ஏ பிள்ளை" என்றுதானே கூப்பிட்டு வளர்த்தேன். நீயாவது சொல்லேன் என்று லாதிக்குக் கண்ணைக் காட்டினேன். அந்தப் பாவி, "உன் சரக்கு, நீயே சொல்லு" என்று சிரிக்கிறாள். ஹாஜியாவோ கிளம்பத் திரும்பிவிட்டாள். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன்.

லாதி குலவையிட்டாள் பார், சந்தையே திரும்பியது. எனக்கு அழுகை வந்துவிட்டது, இவ்வளவு அழகான பெயரை இத்தனை காலம் மற்றவர்கள் மட்டும் கூப்பிட்டிருக்கிறார்களே. பிறகு வெட்கமெல்லாம் போய், சாயங்கால அஸர் தொழுகைக்குள் கூடை காலியாகும் வரை கூவினேன். இப்போது லாதியே விதை கேட்கிறாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. உன் கை பட்டதெல்லாம் பரக்கத்தாகப் பெருகட்டும். உறையின் மேல் உன் பெயரை எப்போதும் நூராதான் எழுதுவான். இந்த முறை நானே எழுதியிருக்கிறேன், கோணலாக இருக்கும், சிரிக்காதே.

உன் உம்மா,
ஹசியா
குரா