கத்தரியால் வெட்டிய மாத்திரை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் தங்கையும் சுகம், என் உடம்பும் சுகம்தான், மனசுதான் நேற்றிலிருந்து ஒரு நிலையில் இல்லை.

தங்கையைக் கோபித்துக்கொள்ளாதே, நான்தான் அவள் வாயைப் பிடுங்கினேன். நீதிமன்றத்தில் மொழிபெயர்க்க நிற்கும்போது தெரிந்த சொல்லே வாய்க்கு வராமல் தவிக்கிறாயாம், அதனால் மூன்று வாரமாக வலிப்புக்கான இரவு மாத்திரையைப் பாதியாக்கிவிட்டாயாம். கேட்ட கலக்கத்தில், தைக்க வந்த ஒரு சட்டையின் இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். உனக்குப் போன் செய்து, டாக்டரைப் பார் என்று மட்டும் சொல்லி வைத்தேன், மற்றதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

கீழ்வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். மூளை நரம்புகள் முறை வைத்துப் பேசிக்கொள்ளுமாம், வலிப்பில் எல்லாம் ஒரே நேரத்தில் கத்துமாம், மாத்திரை அந்த வேகத்தை அடக்குமாம். அடக்கும்போது வேண்டிய பேச்சும் கொஞ்சம் மந்தமாவதால்தான் தூக்கம், தள்ளாட்டம், சொல் மறப்பு எல்லாம். "டாக்டர்கிட்ட சொன்னா கொஞ்சம் கொஞ்சமா குறைப்பாரு, இல்ல மாத்திக் கொடுப்பாரு. நாமளா கை வைக்கக் கூடாதும்மா, திடீர்னு குறைச்சா மோசமா வந்துடும்" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஏனென்றால் நானும் கை வைத்தவள். உனக்குப் பதினொரு வயது, அப்போது ஒரே மாத்திரைதான். வகுப்பில் தூங்கி வழிகிறாய் என்று ஆசிரியை சொன்னதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மெதுவாகக் கரைய வேண்டியது, உடைக்கக் கூடாது என்று அட்டையில் எழுதியிருந்தும் துணி வெட்டும் கத்தரியால் பாதியாக்கிக் கொடுத்தேன், அளவு பிசகவில்லை என்று பெருமை வேறு. பன்னிரண்டாம் நாள் பள்ளிப் படிக்கட்டில் விழுந்தாய். "மாத்திரை ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று டாக்டர் கேட்டார். ஒழுங்காகத்தான் என்றேன். ஒன்று போதவில்லை என்று நினைத்து அவர் இன்னொன்றைச் சேர்த்தார். அந்த இன்னொன்றுதான் உன் இரவு மாத்திரை.

அது உனக்குத் தேவைதானா இல்லையா என்று இத்தனை வருஷம் யாரும் யோசிக்காமல் போனது என் பொய்யால். இந்தக் கடிதத்தை உன் டாக்டரிடம் அப்படியே படித்துக் காட்டு. அதுவரை நீயாகக் குறைக்கவும் வேண்டாம், பயந்து கூட்டவும் வேண்டாம். வண்டி ஓட்டாதே, தனியாகக் குளத்தில் நீந்தப் போகாதே.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். அப்பாவிடம் இன்று சொல்லப் போகிறேன். என்னை மன்னிப்பதைப் பற்றி இப்போது எழுதாதே, டாக்டர் என்ன சொன்னார் என்று மட்டும் எழுது.

உன் அம்மா