நான் எழுதிய பொய்ப் பக்கம்

செப்டம்பர் 14, 2009

செவிலியர் கல்லூரி முதலாண்டு வகுப்பு, இணையத்தில் தேடும் பாடம். 'இரத்த அழுத்தம்' என்று தேடச் சொன்னேன். இருபத்தாறு பேரும் முதலில் வந்ததையே அழுத்தினார்கள். "முதல்ல வருதுன்னா அதுதானே சரி, குன்வோர்?" என்றான் ஒருவன், இங்கே எல்லோரும் செய்வதுபோல் ஆசிரியையான என்னைப் பெயர் சொல்லி. எட்டு வருடமாக இதே கேள்வி. அலுத்துவிட்டது.

அடுத்த வாரம் என் பொய்ப் பக்கத்தைக் காட்ட வேண்டும். இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்து, பிர்ச் மரத்து இலைக் கஷாயம் போதும் என்று இல்லாத மருத்துவர் ஒருவர் சொல்கிற பக்கம். மாணவர்கள் ஏமாந்து கற்றுக்கொள்ளட்டும் என்று சில வருடம் முன்பு நானே இணையத்தில் ஏற்றியது.

செப்டம்பர் 17

தூருன் வரவில்லை. வகுப்பில் கேள்வி கேட்கிற ஒரே பெண்.

செப்டம்பர் 21

தூருனின் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு மாதமாக மாத்திரை போடவில்லையாம்.

"நெட்ல ஒரு டாக்டர் எழுதியிருக்கார், குன்வோர். மாத்திரை இல்லாம பிரஷர் குறைக்கிறது எப்படின்னு தேடினதும் முதல்ல அதுதான் வந்துச்சாம். அப்பா பிரின்ட் எடுத்து ஃபிரிட்ஜ்ல ஒட்டி வச்சிருந்தார்."

தூருன் அந்தத் தாளை நீட்டினாள், அடியில் இணைய முகவரியோடு. என் வாக்கியங்கள்!

"யாரு அந்த ஆளுன்னு கண்டுபிடிக்கணும். எப்படித் தேடறது?"

சொல்லித் தொலையேன்டி, நான்தான்னு! என்று என்னையே மனதுக்குள் திட்டிக்கொண்டேன். ஆனால் "அடுத்த வாரம் சொல்லித் தர்றேன்" என்றேன். இன்று வகுப்பில் அந்தப் பக்கத்தைக் காட்டவில்லை.

செப்டம்பர் 22

அழித்துவிட்டேன். எப்படி முதலிடத்துக்கு வந்தது? ஒவ்வோர் ஆண்டும் மாணவர்கள் தங்கள் வலைப்பதிவில் 'இது பொய்' என்று எழுதி, அதற்கு இணைப்பும் கொடுத்தார்கள். ஆதாரம் காட்டாமல் எழுதாதே என்று இணைப்புக் கொடுக்கச் சொன்னவள் நான். தேடுபொறி இணைப்புகளை எண்ணிப் பக்கத்தை மேலே ஏற்றியது. திட்டியதை அது படிக்கவில்லை.

செப்டம்பர் 24

அழித்தும் பயனில்லை. கஷாயப் பொடி விற்கிற ஒருவன் அப்படியே தன் தளத்தில் நகலெடுத்து வைத்திருக்கிறான்.

செப்டம்பர் 28

ஓர் இணைய முகவரி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பார்ப்பது எப்படி. இன்றைய பாடம் அதுதான். வாயால் சொல்லத் துணியாத கோழை, வழியை மட்டும் காட்டினேன். தூருன் ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள். அப்பாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. அவள் பெயரைச் சொல்லப் பார்த்து, முடியாமல் அழுகிறாராம்.

அக்டோபர் 5

தூருன் பயிற்சித் தாளை என் மேசையில் வைத்தாள். பதிவு விவரம், தேதி, இணையக் காப்பகத்தில் மிஞ்சியிருந்த பழைய நகல் எல்லாம் இருந்தன. கடைசி வரியில் என் முழுப் பெயர்.

"ரெண்டு தடவை சரிபார்த்துட்டேன், குன்வோர். தப்பா இருக்கக் கூடாதான்னுதான் பார்த்தேன்."

போய்விட்டாள். நான் மன்னிப்புக் கேட்கக்கூட அவள் நிற்கவில்லை. எட்டு வருடத்தில் இதைவிட நல்ல தாள் எனக்கு வந்ததில்லை. முழு மதிப்பெண் போட்டு, முதல்வர் அறைக்கு நானே எடுத்துப் போனேன்.