மூவாயிரம் பேருக்குப் போன விண்ணப்பம்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி போன மாதம் போலத்தான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு வழக்கமாக அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவேன், இந்த முறை கேட்டுவிட்டு இங்கேயே நிற்கிறேன், ஏனென்றால் உனக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போனில் பேசினால் நான் கத்துவேன், நீ வைத்துவிடுவாய், அதனால்தான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறேன். டிபன் பாக்ஸை இன்னும் திறக்கவில்லை, அந்தப் பாவமும் உன் தலையில்தான்.

எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு வருகிற மெயிலை எல்லாம் முதலில் நான்தான் பார்ப்பேன் என்பது உனக்கு மறந்தே போயிருக்கும். தினமும் காலையில் முகம் தெரியாதவர்களின் பயோடேட்டா ஏழெட்டு வந்து கிடக்கும். ஒரே கடிதத்தை மூவாயிரம் கம்பெனிக்குத் தவணை தவணையாக அனுப்பித் தருகிறோம் என்று சொல்கிறார்களே, அந்தச் சேவைக்காரர்கள் அள்ளி வீசுவது. முதலாளி அதையெல்லாம் ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். ஊருக்கே அனுப்பினதை நாம எதுக்கும்மா படிக்கணும், தூக்கிப் போடுங்க என்பார். நானும் இத்தனை வருஷமாகத் திறந்துகூடப் பார்க்காமல் அழித்துக்கொண்டுதான் இருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை அப்படி வரிசையாக அழித்துக்கொண்டு வந்தபோது ஒன்றில் உன் பெயர் இருந்தது. உன் பெயர் எத்தனையோ பேருக்கு இருக்கும் என்று விரல் அழிக்கப் போய்விட்டது, என்னவோ தோன்றித் திறந்தேன், உள்ளே உன் படம். சித்தி வீட்டு மாடியில் எடுத்த படம், அதில் உன் பக்கத்தில் நான்தானே நின்றேன், என்னை வெட்டிவிட்டாய். ஒழுங்காக வெட்டவும் இல்லை, என் பச்சை ஸ்வெட்டரின் தோள்பட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கூடவே ஒரு கடிதம். மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா அவர்களுக்கு என்று ஆரம்பம். தங்கள் நிறுவனத்தில் பணியாற்றுவது என் நீண்ட நாள் கனவு என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா மேல பசை நாத்தம் அடிக்குது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிய பெண் நீ, உனக்கு அட்டைப்பெட்டிக் கனவு எப்போது வந்ததோ. சிரிக்கத்தான் போனேன், சிரிப்பு வரவில்லை. வேலை போன அந்தப் பண்டகசாலையில் நீ என்னென்ன பொறுப்பு பார்த்தாய், உன் கீழ் எத்தனை பேர் இருந்தார்கள், காணாமல் போன சரக்கை எப்படித் தேடிப் பிடித்தாய் என்று எல்லாம் அதில் இருக்கிறது. என்னிடம் போனில் இதில் கால்வாசிகூடச் சொன்னதில்லை. வேலை எப்படிப் போகுது என்று கேட்டால் போகுதும்மா என்பாய், அவ்வளவுதான். முகம் தெரியாத மூவாயிரம் பேருக்கு இவ்வளவு பணிவாக இவ்வளவு விவரமாக எழுத வந்தது, பெற்றவளுக்கு ஒரு வரி வரவில்லை. பொறாமைதான், ஒளிக்க என்ன இருக்கிறது, வயிறு பற்றி எரிந்தது.

அதற்குமேல் எண்ணெய் ஊற்றியவள் உன் சித்தி. உடனே அவளுக்குப் போன் போட்டேன். உனக்குத் தெரியாதாக்கா, நான்தானே எல்லாத்தையும் டைப் பண்ணிக் குடுத்தேன், அந்தச் சேவையையும் நான்தான் பாத்துச் சொன்னேன் என்றாள். அந்த அக்காவை இழுத்துச் சொன்ன விதம் இருக்கிறதே, சின்ன வயதில் எங்கள் அப்பா மடியில் முதலில் ஏறி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்ப்பாள், அதே குரல். எனக்கு இரண்டு வயது இளையவள், எல்லாவற்றிலும் என்னை முந்திக்கொண்டே வந்தவள், சரி அதெல்லாம் தொலையட்டும் என்று விட்டேன், கடைசியில் என் மகளிடமும் முந்திக்கொண்டாள். அனுப்ப ஆரம்பிச்சு ஒரு மாசமாச்சு, ஒரு போன்கூட வரலைன்னு புள்ள உடைஞ்சு போயிருக்கா, அந்த ஊர் வீட்டைக் காலி பண்ணிட்டு நம்ம வீட்டுக்கே வந்துடறேன்னு சொல்றா என்றாள். நம்ம வீடு என்று அவள் சொன்னது என் வீட்டை இல்லை. இரண்டு தெரு தள்ளி உனக்கென்று ஓர் அறை இருக்க, உன் கட்டிலில் நான் ஒரு துணிகூட மடித்து வைக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுப் படி ஏறுவாயா?

அந்தக் கோபத்தில்தான் உன் பயோடேட்டாவை மூன்றாவது முறை படித்தேன், உன் சித்தி செய்த வேலையில் ஒரு குறையாவது கிடைக்காதா என்று. கிடைத்தது. உன் போன் நம்பர் தப்பு. நடுவில் ஆறு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்பது. உன் நம்பர் தனக்கு மனப்பாடம் என்று பீற்றிக்கொள்வாளே, பார்க்காமலே அடித்திருக்கிறாள். பெரிய மேற்பார்வையாளர் அம்மா, நீயும் அதைச் சரிபார்க்கவில்லை. மெயிலோ அந்தச் சேவைக்காரர்களின் விலாசத்திலிருந்து வந்திருக்கிறது, உன்னைப் பிடிக்க இந்த ஒரு நம்பரை விட்டால் வேறு வழி இல்லை. எனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது, சொல்ல வெட்கமாக இருக்கிறது, மாட்டினாளா என்றுதான் நினைத்தேன். அப்புறம்தான் உறைத்தது. அந்தத் தப்பு நம்பருக்கே போன் செய்தேன். ஒரு தையல்காரர் எடுத்தார். நான் உன் பெயரைச் சொன்னதும் மனுஷர் வெடித்துவிட்டார், அம்மா நீங்க பன்னெண்டாவது ஆளு, அந்தப் பொண்ணு இங்க இல்ல, நான் துணி தைக்கிறவன், வேலையெல்லாம் எனக்கு வேண்டாம் என்றார். நான் அவளுடைய அம்மா என்றேன். உடனே குரல் இறங்கிவிட்டது. அப்புறம் இருங்கம்மா என்று சொல்லி, அளவு எழுதும் நோட்டைத் தேடி எடுத்து, கூப்பிட்டவர்களில் ஏழு பேர் நம்பரைப் படித்தார். பின்னால் யாராவது தேடி வந்தால் கொடுக்கலாம் என்று ஒருவருடைய இடுப்பளவுக்குக் கீழேயே எழுதி வைத்திருக்கிறார், நல்ல மனுஷர். அதில் குளிர்பதனக் கிடங்கு நடத்துகிற ஓர் அம்மா மூன்று தடவை கூப்பிட்டாராம். காணாமப் போன சரக்கைக் கண்டுபிடிச்ச பொண்ணு எங்கே என்று கேட்டாராம். தையல்காரர்வரைக்கும் உன் கதை தெரிந்திருக்கிறது பார், எனக்குத்தான் தெரியவில்லை.

இனிமேல் எழுதப்போவதைப் படித்துவிட்டு நீ என்னைத் திட்டலாம். அந்த ஏழு நம்பரையும் செவ்வாய்க்கிழமை சாயங்காலமே எழுதிக்கொண்டேன். புதன்கிழமை முழுக்க அது என் மேஜை இழுப்பறையில், பசை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. கொடுக்காவிட்டால் நீ திரும்பி வருவாய் என்று ஒரு புத்தி. வந்தால் சித்தி வீட்டுக்குத்தான் போவாய் என்று இன்னொரு புத்தி. அவள் வீட்டுக்குப் போவதற்கு நீ அங்கேயே வேலை கிடைத்து இருந்துவிடு என்று மூன்றாவதாக ஒன்று, அதுவும் நல்ல புத்தி இல்லை. இழுப்பறையைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். சாவி தொலைந்துவிட்டதா என்று முதலாளியே கேட்டார். ஒரு மாதமாக யாருக்கும் நான் வேண்டாதவள் என்று நினைத்துக்கொண்டு நீ அங்கே உட்கார்ந்திருக்கிறாய், அப்படி இல்லை என்று சொல்கிற காகிதம் என்னிடம் இருக்கிறது, நான் அதைப் பூட்டி வைத்திருக்கிறேன். இன்று காலை அதை வெளியே எடுத்து, படம் பிடித்து, இந்த மெயிலோடு இணைத்துவிட்டேன். ஒரு நாள் பிந்தியதற்கு மன்னித்துக்கொள்.

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்பதும் எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு வருஷம் முன்பு ஆள்குறைப்பு என்று நீ சும்மா சொன்னதற்கே நான் அழுது, மாடிப்படியில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் புலம்பி, அப்பாவுக்கு ரத்த அழுத்தம் ஏறிப்போனது. சித்தி அழமாட்டாள், அது அவளுக்கு வாய்த்த குணம். இனிமேல் நானும் அழவில்லை, அழுதாலும் போனை வைத்த பிறகு அழுகிறேன். இனி யார் மூலமாகவும் மூட்டையாக அனுப்பாதே. பத்துப் பேரைப் பொறுக்கி எடுத்து, அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு, நீயே எழுது. இன்றைக்கும் ஒன்பது வந்திருந்தது, எல்லாவற்றையும் திறந்து படித்தேன், எல்லோருக்கும் அட்டைப்பெட்டி நீண்ட நாள் கனவாம். யார் பெற்ற பிள்ளைகளோ, அழிக்கக் கை வரவில்லை.

நீ நன்றாக இருப்பாய், நினைத்த வேலை அமையும், அம்மா அப்பா ஆசீர்வாதம் என்றும் உண்டு. முதலில் நம்பரைத் திருத்து. அப்புறம் அந்தக் கிடங்கு அம்மாவைக் கூப்பிடு, தையல்காரருக்கு ஒரு நன்றி சொல். அதன் பிறகு எனக்கு. சித்திக்கு எனக்கு அப்புறம்தான், ஐந்து நிமிஷமாவது அப்புறம். தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன் என்று உன் விண்ணப்பத்தை முடித்திருந்தாய். மூவாயிரம் பேரில் உட்கார்ந்து பதில் எழுதியது நான் ஒருத்திதான், அதையாவது ஞாபகம் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
படத்தில் பச்சைத் தோள்பட்டையாக இருக்கிற
அம்மா